ரீமேப் செய்த டர்போ காரில் கோளாறா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கமும் வாரண்டிக் கணக்கும்

ரீமேப் என்பது இன்ஜினை ஆளும் கணினியின் (இசியு) மென்பொருளைத் திருத்திச் சக்தியைக் கூட்டுவது; பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் திருத்தினால் அது ஸ்டேஜ் 1. அப்படி ரீமேப் போட்ட கார் ஒரு நாள் இழுக்க மறுத்தால், பெரும்பாலானவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவி ஒன்றை மாட்டிக் கோளாறுக் குறியீட்டை அழிக்கிறார்கள். பிறகு ரீமேப் செய்துகொடுத்த டியூனரைக் கூப்பிட்டு, "ஸ்டாக் ஃபைலை ஏத்திக் கொடுங்க, சர்வீஸுக்கு விடணும்" என்கிறார்கள் (ஸ்டாக் என்றால் கம்பெனி கொடுத்த மூல நிலை). இரண்டுமே உங்களுக்கு எதிராகத்தான் முடியும். முதலாவது கோளாறு எங்கே என்று சொல்லும் சாட்சியை அழிக்கிறது. இரண்டாவது, கோளாறுக்கு டியூன் காரணமில்லை என்று காட்ட உங்களிடம் இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுக்கிறது.

ரீமேப் செய்த காரில் வரும் கோளாறுகள் மூன்று வகைப்படும்: டியூன் உண்டாக்கியவை, ஏற்கெனவே இருந்து டியூனால் வெளிப்பட்டவை, டியூனுக்குத் தொடர்பே இல்லாதவை. வாரண்டிப் பேச்சு முழுக்க இந்தப் பிரிவில்தான் நிற்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், காரணத்தைத் தேடுவதோடு அது எந்த வகை என்றும் சேர்த்தே பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நம் ஊரில் அதிகம் ரீமேப் ஆகும் ஃபோக்ஸ்வாகன்–ஸ்கோடா டிஎஸ்ஐ இன்ஜின்களை வைத்துக்கொள்கிறேன்: வெர்ட்டஸ், டைகூன், ஸ்லாவியா, குஷாக் கார்களில் வரும் 1.0 லிட்டர் (115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர்), 1.5 லிட்டர் (150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர்). மற்ற நேரடி ஊசி டர்போ பெட்ரோல் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சாதாரணக் குறியீடு படிக்கும் கருவி போதாது. பதிவு எடுக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்: இசியு கேட்ட பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), கிடைத்த பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் பின்வாங்கும் அளவு (தீப்பொறியை இசியு எத்தனை டிகிரி தாமதப்படுத்துகிறது என்பது), ரெயில் எரிபொருள் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், லாம்ப்டா (காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்). மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 6,000 வரை முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு பதிவு எடுத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அதை ஈசிஆரில் எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே சக்தியை அளக்கும் டைனோவில் எடுக்கலாம், இல்லையென்றால் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி தடத்திலோ டிராக் டே நடக்கும்போது எடுக்கலாம். ஆனால் வாரண்டிப் புத்தகங்களில் பந்தயப் பயன்பாட்டுக்குத் தனியாக ஒரு விலக்கு உண்டு. தடத்தில் எடுத்த வீடியோவை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு அடுத்த வாரம் கிளட்ச் கேட்டுப் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று சிவிஎன். இசியுவில் உள்ள கேலிபரேஷனுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. எந்த நல்ல ஓபிடி கருவியும் அதைப் படிக்கும். மென்பொருளில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாற வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டது. ரீமேப்புக்கு முன் அந்த எண்ணைப் படம் பிடித்து வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போது இருப்பதையாவது எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் முறையாகச் செய்யும் மென்பொருள் அப்டேட்டிலும் இந்த எண் மாறும். எண் மாறியிருப்பதை வைத்து மட்டும் யாரும் எதையும் முடிவு செய்துவிட முடியாது.

மூன்றாவது, மூல ஃபைல். உங்கள் காரிலிருந்தே எடுத்த மூலப் பிரதி டியூனரிடம் இருக்கிறதா, அல்லது "இதே மாடல் கார்" ஒன்றிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அதுவே ஒரு தகவல்.

இசியுவைத் தொடாமல் இடையில் சொருகும் டியூனிங் பாக்ஸ் உங்கள் காரில் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுத்தான் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டும். அந்தப் பெட்டி பூஸ்ட் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றுகிறது. அது மாட்டியிருக்கும்போது எடுக்கும் பதிவில் பூஸ்ட் எப்போதும் ஒழுங்காகத்தான் தெரியும்.

அறிகுறி: முழு ஆக்ஸிலரேட்டரில் திடீரென்று இழுவை போகிறது, இபிசி விளக்கு (இன்ஜின் கட்டுப்பாட்டில் கோளாறு என்று எச்சரிப்பது) எரிகிறது

வண்டியை ஓரங்கட்டி ஆஃப் செய்து மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். மறுநாள் அதே இடத்தில் மறுபடி வரும். ஸ்கேன் போட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பி0299, அதாவது கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை, அல்லது பி0234, கேட்டதைவிட அதிகம் வந்துவிட்டது.

பி0299 என்றால் டியூனைத் திட்டுவதற்கு முன் ஹோஸ்களைப் பாருங்கள். ஸ்டாக் பூஸ்டில் தாக்குப்பிடித்த ஒரு தளர்ந்த கிளாம்ப், கூடுதல் அழுத்தத்தில் காற்றை விடும். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகத் திராட்டில் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காற்று கசியும் இடத்தில் எண்ணெய் ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகை விட்டுச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கசிவு இல்லையென்றால் அடுத்து, காலை எடுக்கும்போது மிச்ச பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு, பிறகு வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றும் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) அசைக்கும் ஆக்சுவேட்டர்.

பி0234 வேறு கதை. இங்கே இயந்திரக் கோளாறைவிட ஃபைல் சரியில்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பதிவில், கேட்ட பூஸ்ட் கோட்டைக் கிடைத்த பூஸ்ட் கோடு தாண்டி ஒரு கூர்முனை போலக் குதித்துப் பிறகு இறங்குகிறதா? வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் அட்டவணையைத் திருத்தாமல் பூஸ்ட் இலக்கை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். பதிவை டியூனருக்கு அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். பதிவைப் பார்க்காமலே "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன், புது ஃபைல் போடுங்க" என்று சொல்பவரிடம் அந்தக் காரை இன்னொரு முறை கொடுக்காதீர்கள்.

வாரண்டிப் பக்கம்: தளர்ந்த கிளாம்ப், கிழிந்த ஹோஸ் ஆகியவற்றின் விலை குறைவு, வாரண்டி கேட்டு அலைவதைவிடக் காசு கொடுத்து மாற்றிவிடுவது உத்தமம். டர்போவே போயிருந்தால் கதை வேறு. தண்டு ஆடுகிறது, எண்ணெய் கசிகிறது என்றால் ஸ்டாக் காரில் அது நேரடி வாரண்டிக் கோரிக்கை. ரீமேப் செய்த காரில், கூடுதல் வேகத்தில் சுற்றியதால் போனது என்று அவர்கள் சொன்னால் மறுத்துப் பேச உங்களிடம் பெரிதாக எதுவும் இருக்காது.

அறிகுறி: மிஸ்ஸிங் அடிக்கிறது, செக் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது

விளக்கு நிலையாக எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் வேறுபாடு பெரிது. சிமிட்டினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காலை எடுத்துவிடுங்கள்.

குறியீடு பி0301 முதல் பி0304 வரை எது என்று பாருங்கள். கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது. மாறவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி இடைவெளியைப் பாருங்கள். பூஸ்ட் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, தேய்ந்து அகன்ற பிளக் இடைவெளியில் தீப்பொறி தாண்ட முடியாமல் அணைந்துபோகும். டியூனர்கள் இடைவெளியை 0.6, 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைப்பது இதனால்தான். ஐட்லில் நன்றாக ஓடி, மேட்டில் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் வந்தால் முதல் சந்தேகம் பிளக்தான். பிளக்கை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் ரீமேப்புக்குப் பின் குறைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் இனி உங்களுக்கு இல்லை.

பிளக்கும் காயிலும் சரி, இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லை. ஆயில் குறைகிறது, பின்னால் நீலப் புகை. இது வந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் போடாமல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள். சின்ன டர்போ இன்ஜின்களுக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது: குறைந்த ஆர்பிஎம்மில், அதிகச் சுமையில், தீப்பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. எல்எஸ்பிஐ என்பார்கள். ஆறாவது கியரில் 1,600 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஓவர்டேக் செய்ய ஒரே அழுத்தாக அழுத்தும் பழக்கம் இதற்கு விருந்து வைத்த மாதிரி. ஒரு பெரிய வெடிப்பிலேயே பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடலாம். இந்த நோய்க்காகவே எஞ்சின் ஆயில் தரத்தில் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்று புதுப் பிரிவுகள் வந்தன.

கம்பெனி மென்பொருள் அடி ஆர்பிஎம்மில் டார்க்கைக் கட்டுக்குள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டைனோ தாளில் 1,800 ஆர்பிஎம்மிலேயே செங்குத்தாக எழும் டார்க் கோட்டைக் காட்டிப் பெருமைப்படும் ஃபைல்கள் அந்தக் கட்டைத்தான் அவிழ்த்திருக்கின்றன. என்னைக் கேட்டால், நல்ல டியூனின் அடையாளம் உச்ச எண் இல்லை. 2,500-க்குக் கீழே அது காட்டும் அடக்கம். பிஸ்டன் உடைந்த ரீமேப் கார் வாரண்டியில் தேறுவது அரிது. டியூன் உண்டாக்கிய கோளாறு என்ற முதல் வகையில் மிகத் தெளிவான வழக்கு இது; எதிர்த்துப் போராடப் பணம் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

அறிகுறி: காலையில் பறக்கிறது, மதிய வெயிலில் மந்தம்

குறியீடு எதுவும் இருக்காது. இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பதிவில் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் இக்னிஷன் பின்வாங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் எப்போதாவது மூன்று டிகிரி பின்வாங்கினால் கவலை இல்லை. எல்லாச் சிலிண்டரிலும் ஆறு டிகிரிக்கு மேல், கியருக்குக் கியர் பின்வாங்குகிறது என்றால் நாக்கிங் (கலவை ஒழுங்கில்லாமல் வெடிப்பது) வருகிறது. சென்சார் பிடித்து அடக்குகிறது. சென்சாரை நம்பியே தினமும் ஓட்டக் கூடாது.

முதலில் பெட்ரோல். உங்கள் ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது? நம்மூர் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்சத் தரம் பல வருடங்கள் 91 ஆக்டேனாகவே இருந்தது. ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலை அப்படியே இங்கே ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்பி95, ஸ்பீட் 97, எக்ஸ்பி100 போன்றவற்றில் ஒன்றை இரண்டு டேங்க் தொடர்ந்து போட்டு மறுபடி பதிவெடுங்கள். பின்வாங்கல் கணிசமாகக் குறைந்தால் காரணம் பெட்ரோல்; ஒன்று அதையே தொடருங்கள், இல்லையென்றால் ஃபைலை இறக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பக்கம் போகும்போது வழியில் அந்தப் பெட்ரோல் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எத்தனாலையும் மறக்க வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும்: சுத்த பெட்ரோலில் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இங்கே ஏறக்குறைய 13.5. ஆக்டேன் கூடுவது நன்மைதான். ஆனால் உயர் அழுத்தப் பம்ப் ஏற்கெனவே எல்லையில் ஓடும் ஃபைலில், பி0087 என்று ரெயில் அழுத்தக் குறைவு காட்டத் தொடங்கும். பம்ப் கெட்டுவிட்டதாக நினைத்து மாற்றும் முன், ஸ்டாக் ஃபைலில் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். பதிவுகளைச் சேமித்துவிட்டுச் செய்யும் சோதனைக்கு ஸ்டாக் ஏற்றுவதில் தவறில்லை. ஒளிக்க ஏற்றுவதுதான் வம்பு.

பெட்ரோல் மாற்றியும் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், தண்ணீரால் குளிரும் இன்டர்கூலருக்குத் தனியாக உள்ள மின் பம்ப் சுற்றுகிறதா என்று சோதியுங்கள். அது கெட்டிருந்தால் டியூனுக்குத் தொடர்பில்லாத பாகம். வாரண்டியில் தைரியமாகக் கேட்கலாம்.

அறிகுறி: டிஎஸ்ஜி கியர்பாக்ஸில் அதிர்வு, அல்லது ஆர்பிஎம் ஏறுகிறது வேகம் ஏறவில்லை

வாரண்டிச் சண்டைகளில் அதிகம் அடிபடுவது இந்த அறிகுறிதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டிஎஸ்ஜி என்பது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1.5 டிஎஸ்ஐ காரில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜியின் பெயர் டிக்யூ200. உலர்ந்த கிளட்ச் இரண்டு: ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு; மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. இந்தப் பெட்டி தாங்கும் என்று கம்பெனி சொல்லும் டார்க் 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் ஸ்டாக்கிலேயே தருவது 250. அதாவது கையிருப்பு என்று எதுவுமே இல்லை. ஸ்டேஜ் 1 விளம்பரங்களில் 300-க்கு மேல் எண் போட்டிருப்பார்கள். பழைய ஆக்டேவியா விஆர்எஸ் 230-இல் இருந்த எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் பெட்டி 350 தாங்கும்; அந்தக் காரின் அனுபவத்தை வைத்து இந்தக் காருக்கு அறிவுரை சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது என்று இசியு சொல்லும் கணக்கை வைத்துத்தான் கியர்பாக்ஸ் கணினி கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று முடிவு செய்கிறது. உண்மை எண்ணைச் சொன்னால் கியர்பாக்ஸ் "போதும், குறை" என்று கேட்கும். அதைத் தவிர்க்கச் சில ஃபைல்களில் டார்க் கணக்கையே குறைத்துக் காட்டும்படி மாற்றிவிடுகிறார்கள். இன்ஜின் 310 தருகிறது, கியர்பாக்ஸ் 250 என்று நம்பி அதற்கேற்ற இறுக்கத்தில் பிடிக்கிறது. கிளட்ச் வழுக்கிச் சூடாகித் தேய்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

எனவே சோதிக்கும் முறை இது. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாத அறிகுறி முழு ஆக்ஸிலரேட்டரில், நான்கு, ஐந்து, ஆறாம் கியர்களில், பூஸ்ட் உச்சத்தில் மட்டும் வருகிறதா? இன்ஜின் வேகத்தையும் கிளட்ச் தண்டின் வேகத்தையும் ஒன்றாகப் பதிவெடுங்கள். இரண்டும் பிரிந்தால் வழுக்கல் உறுதி. ஸ்டாக் ஃபைலில் இதே பதிவு எடுத்து, அங்கே இரண்டு கோடும் ஒட்டியே போனால் கிளட்ச் இன்னும் உயிரோடு இருக்கிறது. டியூனை இறக்கினால் பிழைத்துக்கொள்ளும். ஸ்டாக்கிலும் பிரிந்தால் கிளட்ச் போய்விட்டது. மேனுவல் காரிலும் தத்துவம் இதுதான். அங்கே பதிவுகூடத் தேவையில்லை, மூக்குக்கு எரிந்த வாடை வந்துவிடும்.

மாறாக, டிராஃபிக்கில் ஊரும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுகையில் மட்டும் நடுக்கம் என்றால், அது ரீமேப் செய்யாத கார்களிலும் வரும் குறை. இந்தப் பெட்டியின் பழைய வரலாறு ஊரறிந்தது: சீனாவில் 2012-இல் டிஎஸ்ஜி பெட்டிகளுக்கு வாரண்டியைப் பத்து வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டினார்கள், 2013-இல் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குப் பின் பெட்டியில் பல திருத்தங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் ஊர்ந்து போகும்போது டார்க் குறைவாகத்தான் இருக்கும். அந்த நிலையில் வரும் நடுக்கத்துக்கு டியூன்தான் காரணம் என்று சொல்வது எளிதல்ல. அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கியர்பாக்ஸ் கணினிக்குக் கற்பிப்பது) மறுபடி செய்து பார்க்கச் சொல்லி, சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுத வையுங்கள். "ஜெர்க் அடிக்குது" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். "ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது, வண்டி சூடான பிறகு" என்று எழுத வேண்டும். பிற்பாடு உங்களுக்காகப் பேசப் போவது அந்த வரிதான்.

அறிகுறி: சர்வீஸ் முடிந்து வந்த கார் பழையபடி சாதுவாகிவிட்டது

இது கோளாறு இல்லை. சர்வீஸில் இசியுவுக்குப் புது மென்பொருள் ஏற்றியிருக்கிறார்கள்; உங்கள் டியூன் அதில் அழிந்துவிட்டது. சிவிஎன் எண்ணை மறுபடி படித்துப் பார்த்தால் உறுதியாகும். "அதே ஃபைலைத் திரும்ப ஏத்திடலாம்" என்று டியூனர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது மென்பொருள் பதிப்பின் மேல் பழைய பதிப்பில் செய்த திருத்தத்தைப் போடக் கூடாது. புதிதாகப் படித்து, அதில் திருத்தம் செய்ய வேண்டும்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. மென்பொருள் ஏற்றும் முன் சர்வீஸ் சென்டரின் கருவி, இந்தக் குழுமத்தில் அதன் பெயர் ஓடிஸ், கம்பெனி சர்வரோடு இணைந்து காரில் என்ன பதிப்பு இருக்கிறது என்று ஒப்பிடுகிறது. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி உரிமையாளர்கள் பேசிப் பேசிப் பயப்படும் 'டிடி1' என்ற குறி இப்படித்தான் விழுகிறது: மாற்றிய மென்பொருள் என்று சர்வர் கண்டால் அந்தச் சேசிஸ் எண்ணுக்கு எதிரே ஒரு குறி, அதன் பின் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தமான வாரண்டிக் கோரிக்கைகள் முட்டி நிற்கும். பிறகு ஸ்டாக் ஏற்றினாலும் அந்தக் குறி போகாது, ஏனென்றால் அது காரில் இல்லை, சர்வரில் இருக்கிறது.

சர்வீஸுக்கு முன் ஸ்டாக் ஏற்றிப் போனால் தெரியாது என்பது பாதி உண்மை. எத்தனை முறை எழுதப்பட்டது என்று இசியு வைத்திருக்கும் எண்ணிக்கை, ஏற்றிய முறையைப் பொறுத்துக் கூடியிருக்கலாம். சர்வீஸ் சென்டர் ஒருமுறையும் எழுதாத இசியுவில் எண்ணிக்கை கூடியிருந்தால் கேள்வி வரும். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு, நிஜமாகவே தொடர்பில்லாத கோளாறைக் கூட உங்கள் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அறிகுறி: "ரீமேப் பண்ணியிருக்கீங்க, வாரண்டி மொத்தமா போச்சு" என்கிறார் சர்வீஸ் அட்வைசர்

இதையும் ஒரு கோளாறாக வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், அவர் சொல்வது எந்தப் பாகத்துக்கு? வாரண்டிப் புத்தகத்தை எடுத்து விலக்குப் பகுதியைப் படியுங்கள். கம்பெனி அனுமதிக்காத மாற்றத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா, மாற்றம் செய்தாலே மொத்த வாரண்டியும் இல்லை என்று எழுதியிருக்கிறதா? இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. முதல் வகை வாக்கியம் இருந்தால், ஏசி கம்ப்ரெஸருக்கும் ஜன்னல் மோட்டாருக்கும் ரீமேப்பைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்து, எழுத்தில் கேளுங்கள். "எந்தப் பாகம், எந்தச் சோதனையில் என்ன கண்டீர்கள், ரீமேப் எப்படிக் காரணம் என்று ஜாப் கார்டு எண்ணோடு மின்னஞ்சலில் கொடுங்கள்." இதைக் கேட்ட உடனே குரல் மாறும் இடங்கள் உண்டு. வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. பதில் வந்ததும் அதை இணைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். டீலர் மறுப்பதெல்லாம் கம்பெனி மறுப்பதாக ஆகிவிடாது. அங்கும் நியாயம் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கே போகும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போகவிடாதீர்கள்.

அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டத்தைக் காட்டி, "மாற்றம்தான் கோளாறுக்குக் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்" என்று வாதிடச் சொல்லும் அறிவுரை நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே நடப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறை இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டியவர் புகார் கொடுப்பவர். முதலில் சொன்ன பதிவுகள் இங்கேதான் கைகொடுக்கும்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான சீட்டும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தில் உரிமையாளர் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளரின் மூல அம்சங்களிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, அதைக் காட்டிக்கொடுக்கும் பி0420 குறியீடு வராமல் மென்பொருளில் அடைத்துவைத்த காரோடு நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகைச் சான்றிதழ் சோதனையில் தேறிவிட்டதே என்று வாதிடலாம். அந்தச் சோதனை வண்டியை நிறுத்திவைத்து எடுப்பது, சுமையில் இன்ஜின் என்ன செய்கிறது என்று அது பார்ப்பதில்லை.

இன்சூரன்ஸையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ரீமேப்பைத் தெரிவிக்காமல் பாலிசி எடுத்திருந்தால், பெரிய விபத்துக்குப் பின் அந்த மறைப்பு ஒரு வாதமாக வரக்கூடும். ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் ஏறட்டும்.

அறிகுறி: ஃபைல் ஏற்றும் நடுவில் நின்றுபோய், கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை

பெரும்பாலும் பேட்டரி. எழுதும் நேரம் முழுக்க மின்னழுத்தம் விழாமல் தாங்கும் சப்ளை மாட்டாமல், வெறும் பேட்டரியை நம்பி ஏற்றியிருப்பார்கள். பதற வேண்டாம், இசியுவைக் கழற்றி மேசையில் வைத்து மூல ஃபைலை எழுதினால் பெரும்பாலானவை மீளும். மூல ஃபைல் உங்கள் காருடையதா என்ற கேள்வி இப்போது புரிந்திருக்கும். புது இசியு வாங்கினால் இம்மொபிலைஸரோடு (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இணைக்க எப்படியும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். இதற்கு வாரண்டி கேட்காதீர்கள்.

அறிகுறி: நீங்கள் ரீமேப் செய்யவே இல்லை, ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் அப்படி நடந்துகொள்கிறது

ஸ்டாக் காரை ஓட்டிப் பழகியவருக்கு இரண்டாவது கியரிலேயே தெரிந்துவிடும். தெரியாதவர்கள் பூஸ்ட் உச்சத்தைப் பதிவெடுத்து, அதே மாடல், அதே வருடக் கார் ஒன்றோடு ஒப்பிடலாம், சிவிஎன்னையும் ஒப்பிடலாம். பிளக் இடைவெளி, டியூனிங் பாக்ஸ் வைத்திருந்த தடமாக பூஸ்ட் சென்சார் கனெக்டரில் கீறல், மாற்றிய டவுன்பைப் (டர்போவை அடுத்து வரும் புகைக் குழாய்) ஆகியவையும் சொல்லும். முந்தைய உரிமையாளர் விற்கும் முன் ஸ்டாக் ஏற்றியிருந்தால் இதில் பாதி தெரியாது.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன், சேசிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இரண்டு விஷயம் கேளுங்கள்: முழு சர்வீஸ் வரலாறு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இன்றைய தேதியில் வாரண்டி நிலவரம். இரண்டாவதை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், வாரண்டி இல்லாத கார் என்றே வைத்து விலை பேசுங்கள். டிக்யூ200 பெட்டியுள்ள காராக இருந்தால் கிளட்ச் செலவையும் அந்த விலையில் கழித்துவிட்டு.